இரண்டு உருவங்கள், ஒரு தட்டு மணல்

சிற்றுருவப் போர் விளையாட்டில் பல ஆண்டுகள் ஊறியவர் யாரை எடுத்துக்கொண்டாலும், அவர் அலமாரியில் வண்ணம் தீட்டாத வீரர்கள் ஒரு பெட்டியாவது இருப்பார்கள். பாதியில் நின்ற நெப்போலியன் காலத்துக் காலாட்படை, குதிரை மட்டும் தீட்டி ஆளை விட்டுவிட்ட குதிரைப்படை, எந்தப் போருக்காக வாங்கினோம் என்பதே மறந்துபோன யானைகள். என்னோடு இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கி இடையில் விட்டுப் போனவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட ஆட்டம் பிடிக்காமல் விலகவில்லை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை அப்படியே மேசைமேல் கொண்டுவரப் புறப்பட்டு, நூற்றுக்கணக்கான சட்டைகளுக்கு ஒரே நீலத்தைத் தீட்டித் தீட்டி, முதல் பகடையை உருட்டும் முன்பே சலித்துப் போனார்கள். நிலைத்து நின்றவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பெரிய படைக் கனவு எல்லோருக்கும் இருந்தது. ஆனால் இன்று மாலையே ஆடிவிடக்கூடிய சின்ன ஆட்டம் ஒன்றையும் அவர்கள் கைவசம் வைத்திருந்தார்கள். எனக்கு வாய்த்த சின்ன ஆட்டம் கிளாடியேட்டர் சண்டை, அதாவது பழைய ரோமானிய அரங்குகளில் மக்கள் பார்க்க நடந்த ஆயுதச் சண்டை. இத்தனை வயதுக்குப் பிறகும் இந்த மேசையை விட்டு நான் எழுந்திருக்காததற்கு அதுவே காரணம்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிறிய வீரர்களுக்கு நாமே வண்ணம் தீட்டி, மேசைமேல் நிலப்பரப்பு அமைத்து, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்தி, மோதலின் முடிவைப் பகடையால் தீர்மானிக்கிறோம். இதற்கு முன்னோடியாக, 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விதிகளில் பொம்மைகள் கிடையாது. வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்துவார்கள். இரு தரப்பும் கட்டளைகளை எழுதிக் கொடுக்க, நடுவர் பகடையை உருட்டி விளைவைச் சொல்வார். இராணுவப் பயிற்சிக்காக உருவான ஆட்டம் அது. 1893இல் பிரிட்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடம் விட்டு வார்க்கும் முறையில் ஈய வீரர்களைச் செய்யத் தொடங்கியது. உலோகம் குறைந்தது, விலையும் இறங்கியது. 1913இல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி, சுருள்வில் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு முறையாக விதி எழுதினார். 1960களில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போன்றவர்கள் எழுதிய எழுத்துதான் ஆங்காங்கே தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒருவரையொருவர் அறியச் செய்தது.

கிளாடியேட்டர் ஆட்டங்கள் இந்த மரத்தின் ஒரு கிளை. 1981இல் அவலான் ஹில் நிறுவனம் அந்தப் பெயரிலேயே ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. அதற்குப் பின் எத்தனையோ விதிநூல்கள் வந்துவிட்டன. எந்த விதிநூலை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: படை கிடையாது, தளபதி கிடையாது, எதிரெதிரே இருவர்.

இருவரில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. முந்நூறு உருவங்கள் நிற்கும் மேசையில் ஒரு வீரன் என்ன செய்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. அவன் ஒரு வரிசையின் நான்காவது ஆள், அவ்வளவுதான். அரங்கில் நிற்பவனுக்கோ வலக்கை எது, கேடயம் எந்தப் பக்கம், மூச்சு எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் கணக்கில் வரும். தூரம், நேரம், களைப்பு, எதிராளியின் மனம் ஆகிய நான்கும்தான் எந்தப் போரையும் தீர்மானிக்கின்றன. பெரிய ஆட்டத்தில் இவை ஏதோ ஓர் அட்டவணைக்குள் ஒளிந்துகொள்கின்றன. சின்ன ஆட்டத்தில் கண்ணெதிரே நிற்கின்றன.

ரோமானியர்கள் தங்கள் சண்டையாளர்களை வகை வகையாகப் பிரித்து, ஒருவன் பலம் மற்றவன் பலவீனத்தோடு மோதும்படி ஜோடி சேர்த்தார்கள். ஆட்டம் வடிவமைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. முர்மில்லோ பெரிய நீள்சதுரக் கேடயமும் குறுவாளும் ஏந்துவான். இடது காலில் குட்டையான காப்பு. அவனுக்கு எதிரே பெரும்பாலும் திரேசியன் வருவான். இவன் கேடயம் சிறியது. அதை ஈடுகட்டத் தொடைவரை உயர்ந்த கால்காப்பு இரண்டு காலிலும் இருக்கும். கையில் வளைந்த வாள், கேடயத்தின் விளிம்பைத் தாண்டிக் குத்துவதற்கு. ரெட்டியாரியஸ் என்ற வலைவீரனுக்குத் தலைக்கவசமே கிடையாது. வலை, திரிசூலம், குத்துவாள், இடது தோளில் ஓர் உலோகக் காப்பு ஆகியவையே அவன் உடைமை. அவனைத் துரத்துவதற்கென்றே உருவானவன் செக்யூட்டர். செக்யூட்டரின் தலைக்கவசம் மொழுமொழுவென்று உருண்டையாக, வலை சிக்க எந்த முனையும் இல்லாமல் இருக்கும். கண்ணுக்கு இரண்டு சிறு துளைகள் மட்டும். திரிசூலத்தின் முனை உள்ளே நுழையக் கூடாது என்பதற்காகத் துளையைக் குறுக்கினார்கள். அதற்கு விலையாகப் பார்வையும் காற்றும் குறைந்தன. செக்யூட்டர் சீக்கிரம் முடிக்க வேண்டும், வலைவீரன் இழுத்தடிக்க வேண்டும். ஆட்டத்தின் கதை முழுவதும் அந்த ஒரு தலைக்கவசத்துக்குள் அடங்கியிருக்கிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து, கடையில் கிடைத்த விதிகளையெல்லாம் ஆடிப் பார்த்தபின் எங்களுக்கென்று ஒன்றை வடித்துக்கொண்டோம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

அகலமான தட்டு ஒன்றில் வெள்ளைப் பசையைப் பூசி, சலித்த மணலைத் தூவிக் காயவிட்டது எங்கள் அரங்கம். அதில் அறுகோணக் கட்டங்கள் உண்டு. கோடு போட்டால் மணல்வெளியின் அழகு கெட்டுவிடும் என்று மூலைகளில் மட்டும் கரும்பழுப்பில் புள்ளி வைத்திருக்கிறோம். தள்ளி நின்று பார்த்தால் வெறும் மணல். குனிந்து பார்த்தால் கட்டம் தெரியும். ஒவ்வொரு சண்டையாளனுக்கும் பத்துக் கண்ணாடி மணிகள். அவை அவனுடைய மூச்சு. ஒவ்வொருவர் கையிலும் ஐந்து அட்டைகள்: முன்னேறு, தாக்கு, தடு, விலகு, நில். இருவரும் ஒன்றைத் தேர்ந்து கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். 'நில்' தவிர எதைச் செய்தாலும் ஒரு மணி போகும். நின்றால் இரண்டு மணி திரும்ப வரும். செக்யூட்டருக்கு மட்டும் ஒன்றுதான் வரும். அந்தத் தலைக்கவசத்துக்குள் அவ்வளவுதான் காற்று.

தாக்குதல் தடுப்பின்மேல் விழுந்தால் தாக்கியவனுக்கு இன்னொரு மணி நட்டம். விலகியவனைத் தாக்கினால் வெறுங்காற்று. நின்று இளைப்பாறுபவன்மேல் விழுந்தால் பகடையே வேண்டாம், காயம்தான். இருவரும் தாக்கினாலோ, தாக்க வந்தவனை நோக்கி மற்றவன் முன்னேறினாலோ ஆளுக்கு இரண்டு பகடை, கூடுதல் எண் வென்றது. திரிசூலம் இரண்டு கட்டம் எட்டும், வாள் ஒரு கட்டம்தான். வலையை ஒரு சண்டையில் ஒருமுறைதான் வீசலாம். இரண்டு பகடையில் எட்டு அல்லது அதற்கு மேல் விழுந்தால் சிக்கியது. சிக்கியவன் முன்னேறவோ விலகவோ முடியாது. மூன்று காயம் பட்டால் சண்டை முடிந்தது. மணிகள் தீர்ந்தவன் 'நில்' தவிர வேறெதுவும் போட முடியாது.

எழுதும்போது எளிமையாகத்தான் தெரிகிறது. ஆடும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சண்டையின் நடுப்பகுதியைச் சொல்கிறேன். நண்பரிடம் வலைவீரன், என்னிடம் செக்யூட்டர். எனக்கு மூன்று மணிகள், அவருக்கு ஆறு. ஆளுக்கு ஒரு காயம். இடையே இரண்டு கட்டத் தொலைவு, அதாவது அவருடைய தொலைவு. நான் நின்று மூச்சு வாங்கினால் திரிசூலம் நிச்சயமாகக் குத்தும். தடுத்தால் மணி குறையும், அவர் சும்மா நின்று இரண்டு மணி சேர்த்துக்கொள்வார். முன்னேற வேண்டும். நான் முன்னேறுவேன் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் தாக்கினால் இருவரும் பகடை உருட்டுவோம். விலகினால் நான் ஒரு மணியை வீணாக்கியிருப்பேன். அட்டையைக் கவிழ்த்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கவிழ்த்தேன். திருப்பினோம். நான் 'முன்னேறு'. அவர் 'நில்'. நான் பயந்து தடுப்பேன் என்று கணக்குப் போட்டு, அந்த இடைவெளியில் மூச்சுப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். இப்போது அவருக்கு எட்டு மணிகள், எனக்கு இரண்டு. ஆனால் நான் அவர் மார்புக்கு எதிரே நிற்கிறேன். அடுத்த திருப்பத்தில் நான் தாக்க, அவர் விலகியிருந்தால் பிழைத்திருப்பார். தடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார். அவரும் தாக்கினார். பகடை எனக்கு ஒன்பது காட்டியது, அவருக்கு ஆறு. ஆனால் என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு மணி. மிச்சச் சண்டையை அவர் வென்றார். அதற்குப் பிறகு பேசிக்கொண்டிருந்த நேரம் சண்டையைவிட நீளம்.

ஒரே நேரத்தில் அட்டை திருப்பும் முறையை எந்தப் புதிய குழுவுக்கும் நான் பரிந்துரைப்பேன். முறை வைத்து மாறி மாறி ஆடும்போது ஒருவர் யோசித்துக்கொண்டிருக்க மற்றவர் சோம்பிப்போகிறார். இதில் இருவருக்கும் எப்போதும் வேலை இருக்கிறது. இன்னொன்று, எதிராளியின் பழக்கவழக்கம் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரே ஆளோடு ஆண்டுக்கணக்கில் ஆடினாலும் அலுப்பதில்லை. அவர் என்னைப் படித்துக்கொண்டே வருகிறார், நானும் அவரை.

விதியில் கை வைக்க விரும்புகிறவர்கள் முதலில் பகடையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். எட்டோ அதற்கு மேலோ விழ 15 வழிகள், அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 42. யாராவது ஒருவர் "திறமையான வீரனுக்கு ஒன்று கூட்டிக்கொள்வோம்" என்பார். சின்ன சலுகை போலத்தான் இருக்கும். ஏழோ அதற்கு மேலோ போதுமென்றால் 21 வழிகள், நூற்றுக்கு 58. பாதிக்குக் கீழே இருந்த வாய்ப்பு பாதியைத் தாண்டிவிட்டது. அதே ஒன்றை, பதினொன்று வேண்டிய இடத்தில் கூட்டினால் 3 வழி 6 ஆகும். வாய்ப்பு இரட்டிப்பானாலும் நூற்றுக்குப் பதினேழைத் தாண்டாது. ஆகவே நான் 'ஒன்று கூட்டு' விதிகளை எப்போதும் எதிர்ப்பேன். வீரர்களிடையே வேறுபாடு வேண்டுமானால் மூச்சு மணியில் காட்டுங்கள், எட்டும் தூரத்தில் காட்டுங்கள், பார்வையில் காட்டுங்கள். செக்யூட்டர் தன் முன்னாலுள்ள மூன்று கட்டங்களை மட்டுமே தாக்கலாம் என்று ஒரு விதி வைத்தோம். பின்பக்கம் சுற்றி வந்துவிட்டால் அவன் திரும்புவதற்கே ஒரு திருப்பம் போய்விடும். எந்தக் கூட்டல் கழித்தலும் இல்லாமல் அந்தத் தலைக்கவசம் மேசைமேல் உயிர்பெற்றுவிட்டது.

எங்கள் மேசையில் மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் உண்டு. அவர் நடுவர். ரோமானிய அரங்கிலும் கோல் ஏந்திய நடுவர் இருந்தார். லிபியாவின் ஸ்லிட்டன் பகுதியில் கிடைத்த மொசைக்கில், தோற்றவன் விரலை உயர்த்த, நடுவர் வென்றவனைத் தடுத்து நிறுத்தும் காட்சி இருக்கிறது. கைகலப்பு அல்ல, விதியுள்ள போட்டி என்பதற்கு அந்த ஒரு கை போதும். எங்கள் நடுவர் சந்தேகங்களைத் தீர்ப்பார், கூட்டத்தின் மனநிலையைச் சொல்வார், முக்கியமாகக் குறிப்பேட்டை எழுதுவார்.

அந்தக் குறிப்பேடுதான் எங்கள் ஆட்டத்தின் உயிர். தனித்தனிச் சண்டைகளாக ஆடுகிறவர்கள் சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறார்கள். சண்டையாளனுக்குப் பெயர் வைத்து, அவன் வெற்றி தோல்விகளை எழுதி, அடுத்த சண்டைக்கு அவனையே கொண்டுவருகிறவர்கள் ஓய்வதில்லை. இதை ரோமானியர்களே செய்திருக்கிறார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோமானிய நகரம் பொம்பேயின் சுவர்களில் சண்டையாளர் பெயர், இதுவரை எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்றெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். வென்றானா, விடுவிக்கப்பட்டானா, இறந்தானா என்பதற்கு ஒற்றை எழுத்துக் குறி. சாம்பலுக்கடியில் தப்பிப் பிழைத்த அந்தக் கணக்கைப் படத்தில் பார்த்தபோது, எங்களைப் போலவே ரசனையுள்ள ஒருவர் அங்கே ஆணியோடு நின்றிருக்கிறார் என்று மனம் துள்ளியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல விதிநூல்களில் தோற்றவன் செத்தான் என்று இருக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள். ஆட்டத்துக்கும் கேடு, வரலாற்றுக்கும் பொருந்தாது. சிரியாவிலிருந்து வந்த ஃப்ளாம்மா என்ற செக்யூட்டரின் கல்லறைக் கல் சிசிலியில் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவன், 34 முறை சண்டையிட்டான், 21 முறை வென்றான், 9 முறை சமமாக நின்றான், 4 முறை தோற்று விடுவிக்கப்பட்டான் என்கிறது அந்தக் கல். தோல்விதான் முடிவென்றால் அந்தக் கல்லில் நான்கு என்ற எண்ணே வந்திருக்காது. கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் கொலோசியத்தைத் திறந்த விழாவில் பிரிஸ்கஸ், வேரஸ் என்ற இருவர் நெடுநேரம் சண்டையிட்டு, ஒரே நேரத்தில் பணிய, இருவருக்கும் வெற்றியும் விடுதலையைக் குறிக்கும் மரவாளும் கிடைத்ததாகக் கவிஞர் மார்ஷியல் பாடியிருக்கிறார். பயிற்சி தந்து, உணவும் மருத்துவமும் தந்து வளர்த்த ஒருவனை ஒவ்வொரு முறையும் சாகவிட எந்தச் சண்டைப் பயிற்சிப் பள்ளி உரிமையாளரும் விரும்பமாட்டான். சாவு உண்மையில் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை.

எங்கள் விதியில், தோற்றவனுக்காக நடுவர் இரண்டு பகடை உருட்டுவார். அவன் துணிந்து ஆடிய ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவர் ஒரு குச்சி எடுத்து வைத்திருப்பார். வேண்டிய எண் அந்தக் குச்சிகளைப் பொறுத்துக் குறைந்துகொண்டே போகும். நன்றாகச் சண்டையிட்டுத் தோற்றவன் கிட்டத்தட்ட எப்போதும் பிழைப்பான். விலகி விலகியே நேரம் கடத்தியவனுக்குத்தான் ஆபத்து. இந்த ஒரு விதி வந்தபின் ஆட்டமே மாறிவிட்டது. கடைசி மணியோடு நிற்பவர்கூட ஒளிய நினைப்பதில்லை. தோற்றாலும் அழகாகத் தோற்கப் பார்க்கிறார்கள்.

அரங்கில் நின்றவர்களில் பெரும்பாலானோர் அடிமைகள், போர்க் கைதிகள், தண்டனை பெற்றவர்கள். அவர்கள் துன்பத்தை விளையாட்டாக்கலாமா என்று ஒரு இளைஞர் எங்கள் மேசையிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மனிதர்களைப் பெயரற்ற கூட்டமாக வைத்திருப்பதுதான் பெரிய அநீதி என்று நினைக்கிறேன். ஒருவன் எங்கிருந்து வந்தான், எதை ஏந்தினான், அந்தத் தலைக்கவசத்துக்குள் எப்படி மூச்சுவிட்டான் என்று பல மாலைகள் யோசித்துப் பார்த்தவனுக்கு அவன்மீது மரியாதைதான் கூடும். கேலியாக ஆட வருகிறவர்களை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். கிளாடியேட்டர் உருவங்கள் கற்றுக்கொள்கிறவருக்கு மிக நல்ல ஆசான். படைவீரன் உடம்பில் துணிதான் தெரியும். இவன் உடம்பில் தோல்தான் தெரியும். தோலைத் தீட்டக் கற்றுக்கொண்டால் மற்றவை தாமாக வரும். கரும்பழுப்பில் தொடங்குங்கள். அது காய்ந்தபின் நடுத்தர நிறத்தைத் தசை மேடுகளில் மட்டும் வையுங்கள், பள்ளங்களில் பழுப்பு அப்படியே நிற்கட்டும். பிறகு நீர்த்த செம்பழுப்பை முழு உடலிலும் ஓடவிடுங்கள், அது மடிப்புகளில் போய்த் தேங்கும். கடைசியாகத் தோள், மூக்கு, முழங்கால், விரல்முட்டி ஆகிய இடங்களில் வெளிர்நிறம் ஒரு தொடுகை. பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரே தோல்நிறம் தீட்டாதீர்கள். வண்ணத்தில் எப்போதும் தண்ணீர் கலந்து, ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள்.

வலையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உருவத்தோடு வார்த்து வரும் வலை பெரும்பாலும் கட்டிப் பலகைபோல இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, காயத்துக்குக் கட்டும் மெல்லிய பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு எடுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் முக்கி, கையிலும் முழங்காலிலும் தொங்கும்படி போட்டு, ஊசிமுனையால் மடிப்புகளைச் சரிசெய்யுங்கள். பாதி காய்ந்ததும் ஓரத்து நூல் ஒன்றிரண்டை இழுத்துவிட்டால் கிழிந்த வலையின் தோற்றம் வந்துவிடும். முழுக்கக் காய்ந்தபின் பழுப்பு தீட்டி, வெளிர்மஞ்சளை உலர்தூரிகையால் மேலோட்டமாகத் தடவுங்கள். அந்த ஒரு துண்டுத் துணி ஓர் உருவத்தையே தூக்கி நிறுத்திவிடும். திரிசூலத் தண்டும் அப்படித்தான். உலோகத்தண்டு வளைந்துகொண்டே இருக்கும். நேரான எஃகுக் கம்பியால் மாற்றி, கைக்குள் துளையிட்டு சூப்பர் க்ளூவால் நிறுத்தினால் பல ஆண்டு தாங்கும்.

மென்பிளாஸ்டிக்கில் வரும் 1:72 அளவு உருவங்கள் மலிவானவை. இத்தாலேரி நிறுவனம் கிளாடியேட்டர்களையே அந்த அளவில் வெளியிட்டிருக்கிறது. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவாமல் தீட்டினால் வண்ணம் உரிந்துவிடும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அரம் போடும்போது முகமூடி அணியுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். ஈய உருவங்களை ஓக் போன்ற மரப்பெட்டிக்குள் அடைத்து வைப்பதும் ஆபத்து. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து, வெள்ளைப் பொடியாக்கும். அழகான மர அலமாரிகளே பல அரிய சேகரிப்புகளைத் தின்றிருக்கின்றன. காற்றோட்டமுள்ள உலோகத் தட்டோ, நல்ல பிளாஸ்டிக் பெட்டியோ போதும். அடித்தட்டில் காந்தத் துண்டு ஒட்டிவிட்டால் எடுத்துப்போகும்போது கவிழாது. மினுமினுக்காத வார்னிஷை ஈரப்பதம் மிகுந்த நாளில் தெளிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும்.

வாங்குவதைப் பற்றி: அகலக்கால் வைக்காதீர்கள். நான்கு உருவங்கள் போதும். முர்மில்லோ, திரேசியன், செக்யூட்டர், வலைவீரன். நான்கையும் தீட்டி முடித்து, ஆடி, குறிப்பேட்டில் ஒரு பக்கமாவது நிரம்பியபின் ஐந்தாவதை வாங்குங்கள். பெரிய படை ஆசை இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பில் பார்க்கரும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் 1990இல் வெளியிட்ட டிபிஏ (De Bellis Antiquitatis) என்ற பழங்காலப் போர் விதிகளில் ஒரு பழங்காலப் படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள். அந்த அளவுக்குள் நின்றதால்தான் எத்தனையோ பேர் படைகளை உண்மையிலேயே தீட்டி முடித்தார்கள்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் 6 மி.மீ. உயரப் படைகளை வரிசை வரிசையாகத் தீட்டியவர். பின்னர் 15 மி.மீ. வந்தார். கண் மங்க ஆரம்பித்ததும் 28 மி.மீ. வந்தார். ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இனி இதிலும் முகம் தெரியவில்லை தம்பி. 54 மி.மீ.க்குப் போய்விடுகிறேன். சண்டை அதேதானே" என்றார். 54 என்பது பழைய ஈயப் பொம்மைகளின் அளவு. இப்போது அவர் மேசைமேல் தாங்கியில் பொருத்திய உருப்பெருக்கி, இருபுறமும் இரண்டு விளக்குகள், உருவத்தைப் பிடித்துக்கொள்ள மரக்கைப்பிடி. கை நடுங்கும்போது இரண்டு மணிக்கட்டுகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சை விடும்போது மட்டும் தூரிகையைத் தொடுகிறார். அவர் கடைசியாக முடித்த திரேசியனின் தலைக்கவச உச்சியில் உள்ள கிரிஃபின் என்ற புராண விலங்கின் கழுகுத்தலைக்குக்கூடக் கண் வைத்திருக்கிறார். அவரோடு ஆட வருகிறவர்களில் பாதிப்பேர் அவர் வயதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அட்டை திருப்பும்போது வயது ஒரு பொருட்டே இல்லை.

ஆட ஆள் கிடைக்காத நாட்களில் தனியாகவும் ஆடலாம். எதிராளியின் ஐந்து அட்டைகளோடு இன்னொரு 'தாக்கு', இன்னொரு 'தடு' சேர்த்துக் குலுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். வலைவீரனுக்கு 'விலகு' ஒன்று கூடுதலாக வையுங்கள். அவன் குணம் வந்துவிடும். மனிதரோடு ஆடும் சுவை வராதுதான். ஆனாலும் புதிய விதியைப் பரிசோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது எங்கள் மேசையில் நடக்கும் பெரிய வழக்கு வலையைப் பற்றியது. தவறிய வலையைத் திரும்ப இழுத்து மறுபடி வீச அனுமதிக்க வேண்டும் என்கிறார் மூத்த நண்பர். கயிற்றால் கையோடு கட்டியிருந்தால் அது முடியும்தானே என்பது அவர் வாதம். வலை விழுந்துவிட்டால் சண்டை முடிந்த மாதிரிதான், எனவே ஒருமுறைக்கு மேல் கூடாது என்கிறது இளையவர் அணி. என் கட்சி இரண்டும் இல்லை. மாட்ரிட் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு மொசைக் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் வலைவீரன் கலெண்டியோ, செக்யூட்டர் அஸ்டியானக்ஸின்மேல் முழுவதுமாக வலையைப் போர்த்திவிட்டான். மேற்பகுதியில் காயம்பட்டுத் தரையில் கிடந்து குத்துவாளை நீட்டிப் பணிகிறவன் கலெண்டியோ. வென்றவன் அஸ்டியானக்ஸ். வலைக்குள்ளிருந்தே சண்டையிட்டு வென்றிருக்கிறான். ஆகவே வலையை எத்தனை முறை வேண்டுமானாலும் வீசட்டும், சிக்கியவன் நகர முடியாது என்பதை மட்டும் எடுத்துவிடுவோம், அவனுக்கு ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மணிக்குப் பதில் இரண்டு மணி போகட்டும் என்கிறேன். மூத்தவர் தலையை ஆட்டிவிட்டார். இளையவர்கள் பத்து மணி பத்தாது, பன்னிரண்டு வேண்டும் என்கிறார்கள். அடுத்த முறை கூடும்போது பத்தும் பன்னிரண்டும் இரண்டையும் ஆடிப் பார்த்து முடிவுசெய்யப் போகிறோம்.